பான்சியும் பிச்சியும்

போன வாரம் பழைய இரும்புப் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போது என்னுடைய முதல் மேஜை விரிப்பு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணி, நான்கு மூலையிலும் பூங்கொத்து, ஓரத்தில் கட்வொர்க், அதாவது ஓரம் தைத்து நடுத்துணியை வெட்டி எடுக்கிற வேலை. மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் பழுப்பு ஏறியிருந்தது. தையலை இப்போது பார்த்தாலும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது, பின்பக்கம் திருப்பினால்கூட நூலோட்டம் சுத்தமாக இருக்கிறது, ஏனென்றால் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கான்வென்ட் சிஸ்டர் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான், அந்தப் பயத்தில் தைத்தது. பூக்கள்தான் என்னைக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார வைத்தன. மூலைக்கு மூன்று பான்சி, இடையில் ஃபர்கெட்-மீ-நாட், சுற்றிலும் லில்லி ஆஃப் த வேலி. அப்போது எனக்கு 16 வயது. இந்த மூன்றில் ஒரு பூவைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தைத்த அக்காமாரும் பார்த்ததில்லை. டிசைன் தாளில் இருந்தது, கார்பன் வைத்துப் பதித்தோம், தைத்தோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இது என்ன பூவு மக்ளே, மூஞ்சி வச்சிருக்கு?" என்றாள். பான்சி ஆச்சி என்றேன். "தலையில வைப்பாவளா?" தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. இங்கே ஊசிவேலைக்கு 200 வருஷக் கதை இருக்கிறது. 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்த காலம், லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகளில் வருகிறது. அதற்கு அப்புறம் 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு மதர் மரிய லூயிஸ் டி மீஸ்டர் வந்தார். லேஸும் எம்ப்ராய்டரியும் கான்வென்ட் கான்வென்டாகப் பரவின. என் வயசுப் பெண்கள் பலருக்கு, பத்தாம் வகுப்பு லீவில் "சும்மா இருக்காதே, போய் எம்ப்ராய்டரி படி" என்று அனுப்பப்பட்ட ஞாபகம் இருக்கும். நானும் அப்படிப் போனவள்தான். எங்கள் கையில் இருந்த பூக்கள் எல்லாம் கப்பலில் வந்த பூக்கள். துணியும் பெரும்பாலும் கப்பலேறிப் போகிற துணி. நடுவில் நாங்கள்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குக் கை கிடையாது. ஷேடோ வொர்க், கட்வொர்க், சாட்டின், லாங் அண்ட் ஷார்ட், புல்லியன் என்று ஒவ்வொன்றையும் ஆறு மாதம் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு ரெண்டு நிமிட வீடியோவில் "ஈஸி ரோஸ்" கற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் எரிச்சல், ரெண்டும் உண்டு.

பான்சியை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது 41 வயதில், ஊட்டியில், மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில். தொட்டி தொட்டியாக வைத்திருந்தார்கள். முதலில் தோன்றியது, ஐயே, இவ்வளவு சின்னதா! நான் உள்ளங்கை அகலத்துக்குத் தைத்து வைத்திருந்தேன். இன்னொன்று, அந்த இதழ் வெல்வெட் மாதிரி வெளிச்சத்தைக் குடிக்கிறது. நான் பளபளவென்று சாட்டின் ஸ்டிச்சில் நிரப்பியிருந்தேன். நிறம் சரி, கோடு சரி, பூ மட்டும் தப்பு. வீட்டுக்காரர் போட்டோ எடுக்க நிற்கச் சொல்கிறார், நான் குனிந்து தொட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அதே பயணத்தில்தான் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் சால்வையையும் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு முரட்டுத் துணி, அதில் சிவப்பும் கறுப்பும் மட்டும். பிரேம் கிடையாது, டிசைன் பதிப்பது கிடையாது, துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் நெய்தது போலவே இருக்கும். அந்தத் தையலுக்கே புகூர் என்றுதான் பெயர், பூ என்று அர்த்தமாம். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. எனக்குப் பிடித்துப்போன விஷயம், இதில் எங்கள் கான்வென்ட் கணக்கில் ஒரு பூவுமே இல்லை. இதழ் இல்லை, காம்பு இல்லை, கட்டங்களும் கோணங்களும்தான். ஆனாலும் பூ என்கிறார்கள். கடையில் இருந்த தோடர் அம்மாவிடம் இது எந்தப் பூ என்று ஒவ்வொரு வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பொறுமையாகச் சிரித்துவிட்டு, வாங்குறீங்களா இல்லையா என்று கேட்டார். வாங்கினேன்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு வைராக்கியம். இனி கையால் தொட்ட பூவை மட்டும்தான் தைப்பது. முதலில் பிச்சி.

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஜாதிமல்லி என்றால் தெரியும். எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்ததால் எனக்கு அந்தப் பூவை மனப்பாடமாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பிரேமில் துணியை மாட்டி உட்கார்ந்தால் ஒன்றும் தெரியவில்லை. இதழ் எத்தனை என்று எழுந்துபோய் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. அஞ்சு. வெள்ளை நூலில் தைத்தேன், பிளாஸ்டிக் பூ மாதிரி இருந்தது. அவிழ்த்தேன். மறுபடி தைத்தேன். காலையில் ஒரு மொட்டைப் பறித்து வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது, பிச்சி மொட்டு வெள்ளையே இல்லை. முதுகில் ஒரு இளஞ்சிவப்பு ஓடுகிறது, சுருட்டியிருக்கிற இதழின் வெளிப்பக்கம் அது. விரிந்ததும் அந்தச் சிவப்பு பின்னால் போய்விடுகிறது, நமக்கு வெள்ளை முகம்தான் தெரிகிறது. 40 வருஷம் தலையில் வைத்த பூ!

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், தைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஆறு இழை நூலில் வெள்ளையில் ஒரு இழை, வெளிறின ரோஸில் ஒரு இழை பிரித்து, ரெண்டையும் ஒரே ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். புல்லியன் நாட், அதாவது ஊசியில் நூலைச் சுற்றி இழுக்கிற முடிச்சு, 9 சுற்று. ஊசி கண் பக்கம் தடிக்காத ஊசியாக இருக்க வேண்டும், சாதாரண எம்ப்ராய்டரி ஊசியில் சுற்றினால் இழுக்கும்போது கண்ணில் மாட்டி எல்லாம் சுருண்டு தொலையும். சுற்றை இறுக்காதீர்கள். ரெண்டு இழையும் தன்னிஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டு சில மொட்டில் ரோஸ் மேலே வரும், சில மொட்டில் உள்ளே போகும். பூச்செடியிலும் அப்படித்தானே.

பிச்சி ஓரளவு வந்துவிட்டது. ஒரு கிளை முழுதும் தைத்து, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டினேன். அம்மா வந்து பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். அப்புறம், "ஆனா இதைச் செடியிலயே விட்டுட்டியே, கெட்டலியா?" என்று கேட்டாள்.

எங்கள் ஊரில் கட்டு என்பது கெட்டு. பூக் கெட்டுவது. அம்மா அதைக் கிண்டலாகக் கேட்டாளா சும்மா கேட்டாளா என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பிச்சியை நாங்கள் செடியில் பார்த்து ரசிக்கிற ஆட்கள் இல்லை. விடிகாலையில் பறித்து, ஈரத் துணியில் போட்டு, நாரை எடுத்து உட்கார்ந்துவிடுவோம். எங்களுக்குத் தெரிந்த பிச்சி, சரமாக இருக்கிற பிச்சி.

அதற்குச் சில மாதம் முன்பு வெளியூரில், கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு அலங்காரம் செய்கிற மேக்ரமே வகுப்புக்கு 3,500 ரூபாய் கட்டிப் போயிருந்தேன். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்த முடிச்சு ஹாஃப் ஹிட்ச். கயிற்றை ஒரு வளையமாகத் திருப்பி, மேலே போட்டு, இழு. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது, பிடிபடவில்லை. அம்மா கெட்டலியா என்று கேட்ட அன்றைக்குச் சாயங்காலம் அவள் கையைப் பார்த்தேன். இடது கை விரலிடுக்கில் ரெண்டு பூ இந்தப் பக்கம் தலைவைத்து, ரெண்டு பூ அந்தப் பக்கம் தலைவைத்து, காம்போடு காம்பு ஒட்டி. வலது கை நாரை ஒரு சுற்று, விரலில் ஒரு திருப்பு, காம்புகள் மேல் போட்டு ஒரு இழுப்பு. ரெண்டு நொடிகூட ஆகாது. ஹாஃப் ஹிட்ச்சேதான்! 3,500 ரூபாய்! அம்மாவிடம் சொல்லவில்லை.

அங்கிருந்துதான் நார் வேலை ஆரம்பம். வாழை நார் எங்கள் பக்கம் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை. தோட்டத்தில் குலை வெட்டினால் தடை, அதாவது வாழையின் அடிமரம், சும்மா கிடக்கும். மட்டி, செவ்வாழை, ஏத்தன், பாளையங்கோட்டன் என்று நாலும் உரித்துப் பார்த்தேன், என் கைக்கு ஏத்தன்தான் ஒத்துவந்தது, நீளமாகவும் ஒரே சீராகவும் கிழிகிறது. பூக் கட்டுகிற நாருக்கு மட்டையை உரித்து வெயிலில் காயப்போட்டு, வேண்டும்போது தண்ணீரில் நனைத்து, நகத்தால் கிழித்துக்கொண்டால் போதும். அந்த ஈரம்தான் எல்லாம். காய்ந்த நாரை மடக்கினால் முறியும், நனைந்த நார் சொன்னபடி கேட்கும், காயும்போது முடிச்சு தானாக இறுகிக்கொள்ளும். பருத்தி நூல் இப்படியெல்லாம் பண்ணாது, நாம் இழுத்த இறுக்கத்திலேயே இருக்கும். நாரில் கொஞ்சம் தளர்வாகவே முடிச்சுப் போட்டுவிட்டு இரவு தூங்கப் போய்விட வேண்டும். காலையில் பார்த்தால் வேறு உருவமாக இருக்கும். முதல் சில வேலைகள் எல்லாம் வளைந்து கோணிப்போனது இந்தக் கணக்கு தெரியாமல்தான்.

பூச்சந்தை இருக்கிற தோவாளைக்குப் போனது அதற்கப்புறம். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள், எத்தனை தடவை கல்யாணத்துக்குப் பூ வாங்கப் போயிருப்பேன், ஒரு தடவையும் மாலையைத் துணியாகப் பார்த்ததில்லை. மாணிக்கமாலை பார்த்திருக்கிறீர்களா? சாதாரண மாலை உருண்டு திரண்டு இருக்கும். இது பாய் மாதிரித் தட்டை. வெள்ளை அரளி, செவ்வரளி, நொச்சி இலை, இவ்வளவுதான் சாமான். ஒவ்வொன்றாக மடித்து மடித்துக் கோத்துக்கொண்டே போக, வரிசை வரிசையாகச் சிவப்பும் வெள்ளையும் பச்சையும் கல் பதித்த மாதிரி வந்துவிடும். திருவாங்கூர் மகாராஜா ஒருவர் பார்த்துவிட்டு மாணிக்கம் பதித்ததுபோல் இருக்கிறதென்று சொன்னதால் இந்தப் பேர் என்று ஊரில் சொல்வார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிற மாலை. 2025இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்துவிட்டது.

நான் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணாச்சி ஒரு நாற்காலியில்கூட இல்லை, தரையில் சம்மணம் போட்டு, மாலையின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார். கால்விரல்தான் தறி. இழுப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு முழங்காலை நீட்டுகிறார், மடக்குகிறார். நொச்சி இலையை எடுத்து, காம்பு கிள்ளி, மடித்து, மடிப்பில் ஒரு அரளியை வைத்து, கீழே இருக்கிற வரிசையின் இடுக்கில் அது உட்காரும்படி நாரைச் சுற்றுகிறார். நான் பார்வையால் பின்தொடர்ந்து எண்ண முயற்சி பண்ணி ஏழாவது மடிப்பில் விட்டுவிட்டேன். அண்ணாச்சி, எண்ணிக்கை மனசில வச்சிருக்கீங்களா என்று கேட்டேன். "எண்ணினா பிசகும்" என்றார். எண்ணியே தைக்கிற தோடர் அம்மாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ரெண்டு பேரையும் ஒரு நாள் எதிரெதிரே உட்கார வைக்க எனக்கு ஆசை.

அவரிடம் ஒரு முழம் விலைக்கு வாங்கி, வீட்டுக்கு வந்து, பிரித்துப் பார்த்தேன். பாவம்தான், வேறு வழியில்லை. அரளிப் பால் கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், நச்சு, நான் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தோழி ஒருத்தி மிருணாளினி முகர்ஜியின் சிற்பப் படங்களை அனுப்பினாள். 1949இல் பிறந்தவர், பரோடாவில் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர், சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயரத்துக்கும் மேலே பூவும் வனதேவதையுமாக எழுப்பியவர். 'புஷ்ப்' என்ற அவருடைய வேலையின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், மடிந்து மடிந்து உள்ளே போகிற ஒரு பூ, அழகாக இருக்கிறது என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. முன்கூட்டி வரைபடம் எதுவும் போடாமல், கயிறு போகிற போக்கிலேயே கட்டிக்கொண்டு போவாராம். டிசைன் தாள் இல்லாமல் ஒரு பொட்டு வைக்க நடுங்குகிற எனக்கு அது பெரிய அதிர்ச்சி. 2015இல் டெல்லியில் அவருடைய பெரிய கண்காட்சி திறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். 2019இல் நியூயார்க்கில் மெட் பிராயர் அருங்காட்சியகத்தில் அவருடைய வேலைகளைக் காட்டினார்கள். நம்மில் எத்தனை பேருக்குப் பெயராவது தெரியும்?

சரி, என் கதைக்கு வருகிறேன். தைரியம் வந்து, மூன்றடி அகலத்துக்கு மாணிக்கமாலை மடிப்பில் நாரிலேயே ஒரு தொங்கல் செய்தேன். நாலு மாதம். பூவுக்குப் பதில் சாயம் போட்ட நார் மடிப்புகள். செவ்வரளிச் சிவப்புக்குப் பதிமுகம் போட்டேன், எங்கள் பக்கம் குடிதண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிற அதே கட்டைதான். நாரைச் சோடா போட்டு வேகவைத்து, கடுக்காயில் ஊறவைத்து, படிகாரத்தில் முக்கி, அப்புறம் பதிமுகச் சாறு. ரத்தச் சிவப்பாக வந்தது, துள்ளிக் குதித்தேன். கிழக்குப் பார்த்த சுவரில் மாட்டினேன். பதிமுகச் சிவப்பு வெயிலுக்கு நிற்காது என்பது படித்திருந்தும் மாட்டினேன், அதுதான் கொழுப்பு. மூன்று மாதத்தில் மேல்பாதி பழைய செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

அது போதாதென்று மழை. எங்கள் ஊருக்கு ஆண்டுக்கு ரெண்டு மழைக்காலம். ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் பெய்தது, நான் மகள் வீட்டில் இருந்தேன், திரும்பி வந்தபோது தொங்கலின் பின்பக்கம் முழுதும் சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சை. சிஸ்டர் திருப்பிப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நார் சரியாகக் காயாமல் உள் மடிப்பில் ஈரம் தங்கியிருந்திருக்கிறது. துலக்கி, வெயிலில் போட்டு, வேப்பிலைப் புகை போட்டு என்னென்னவோ செய்தேன். பாதியை வெட்டி எறிய வேண்டியிருந்தது. இதை ஒரு கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று எண்ணம் இருந்தது, அவர்களும் வெளுத்துப்போன படத்தைப் பார்த்துவிட்டு "கைவினைப் பிரிவில் வேண்டுமானால் வைக்கலாம்" என்று பதில் போட்டார்கள். கலைப் பிரிவுக்கும் கைவினைப் பிரிவுக்கும் நடுவில் என்ன வாசல் இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஊசியோ நாரோ கையில் இருந்தால் உடனே நம்மை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். கோபத்தில் அனுப்பவில்லை. இப்போது நினைத்தால் அனுப்பியிருக்கலாம்.

இதை யாரிடம் சொன்னாலும் உடனே பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்கிறார்கள். தெரியாமல் சொல்கிறார்கள். வாடின பூச்சரத்தை மூன்று நாள் கழித்து எடுத்து முகர்ந்து பாருங்கள். நார் வாழைத்தடை வாசம்தான் அடிக்கும், அதன் சொந்த வாசம்.

இப்போது கையில் இருப்பது சின்ன வேலை. அந்தப் பழைய மேஜை விரிப்பையே எடுத்துக்கொண்டேன். பான்சியை அவிழ்க்க மனசில்லை, 16 வயதுக்காரி கஷ்டப்பட்டுத் தைத்தது. பான்சிகளுக்கு இடையில் இருந்த வெற்றிடத்தில் நாரில் கட்டிய பிச்சிச் சரத்தை வைத்துத் தைக்கிறேன், மொட்டு எல்லாம் பருத்தி நூலில் சுற்றிய குட்டிக் குட்டிப் புல்லியன்கள், கட்டுவது மட்டும் நிஜ நார், அம்மாவின் முடிச்சு. நார் துணிமேல் சும்மா கிடக்கும்படி விட்டு, அங்கங்கே மெல்லிய நூலால் கௌச்சிங் போட்டுப் பிடிக்கிறேன். சின்னச் சிக்கல் என்னவென்றால் இந்த விரிப்பை இனித் துவைக்க முடியாது. மேஜையிலும் போட முடியாது. அது இனி என்ன பொருள் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று அம்மா வந்து சரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். 84 வயது, கண் சரியில்லை, விரல் இருக்கிறது. மூணாவது மூலையில் நிறுத்தினாள். "இந்த எடத்துல கெட்டு லூசா இருக்கு பாரு. பூ உருவிரும்." பூ நூல் பூவம்மா, உருவாது என்றேன். "எந்தப் பூவா இருந்தா என்ன, உருவிரும்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

சொன்னது சரிதான், நாலு கண்ணி தளர்ந்திருக்கிறது. புது நார் நனையப் போட்டிருக்கிறேன்.